பெயர் சொல்லாமல் விற்கும் விஷம்

நாய் எலிமருந்தைத் தின்றுவிட்டதென்று ஓடி வருபவரிடம் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது, "என்ன மருந்து?" பல வீட்டாரிடம் பதில் இருப்பதில்லை. உறை குப்பைக்குப் போயிருக்கும். அல்லது கடைக்காரர் காகிதத்தில் மடித்துத் தந்திருப்பார். அடுக்குமாடிகளிலோ, சங்கம் அமர்த்திய ஆட்கள் எதை எங்கே வைத்தார்கள் என்பது செயலாளருக்கே தெரியாது. இந்தப் பொறுப்பின்மையை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

எலிமருந்துகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கொல்லும். புரோமடியோலோன் கலந்த எலி கேக் இரத்தத்தை உறையவிடாது. தின்ற நாய் இரண்டு மூன்று நாள் வாலாட்டிக்கொண்டுதான் திரியும். பிறகு ஈறு வெளுக்கும், மூச்சு இரைக்கும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரும். இதற்கு முறிமருந்து உண்டு: வைட்டமின் கே1. அதையும் மூன்று நான்கு வாரம் கொடுக்க வேண்டும்; தேறிவிட்டதென்று நடுவில் நிறுத்தினால் மறுபடி இரத்தம் கசியும். ஜிங்க் பாஸ்பைடு என்ற கறுப்புத் தூளுக்கு முறிமருந்தே கிடையாது. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிச் சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். சோறு போட்டால் அமிலம் சுரந்து வாயு பெருகும். நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு பக்கத்தில் இருப்பவரையும் தாக்கும். காரில் கொண்டுபோகும்போது கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலை அழிப்பது. மனித உயிர்கள் பலவற்றைக் குடித்ததால் தமிழ்நாடு அரசு தடை செய்த பொருள் அது. எண்ணெய் புகட்டினால் அது உடம்பில் இன்னும் வேகமாக ஏறும்.

பெயர் தெரியாமல் மருத்துவர் எதைக் கொடுப்பார்?

நாய் வளர்ப்போரையும் கண்டிக்காமல் விட முடியாது. உப்புக் கரைசல், புளிக்கரைசல், நல்லெண்ணெய் என்று வாயில் ஊற்றுவதை நிறுத்துங்கள். உப்பு மிகுந்தாலே நாய்க்கு வலிப்பு வரும். வாந்தி எடுக்க வைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் போனால்தான் அதிலும் பயன். "நல்லாத்தானே இருக்கு, காலையில பாப்போம்" என்ற பேச்சுக்குப் பல நாய்கள் பலியாகியிருக்கின்றன. சந்தேகம் வந்தாலே கிளம்புங்கள். உறையையும் மிச்சமிருக்கும் கட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எப்போது, எவ்வளவு தின்றது என்று சொல்லுங்கள். வண்டி இல்லையென்றால் கால்நடை உதவிக்கான 1962 எண்ணை அழையுங்கள்.

எலிமருந்து உள்ளிட்ட பூச்சிக்கொல்லிகளை லேபிள் இல்லாமல் விற்பதை 1968ஆம் ஆண்டின் சட்டமே அனுமதிக்கவில்லை. வேளாண்துறை ஆய்வாளர்கள் உரக்கடைகளோடு நின்றுவிடாமல் மளிகைக் கடைகளிலும் பெட்டிக்கடைகளிலும் சோதனை நடத்த வேண்டும். பொட்டலம் கட்டி விற்பவர் மீது வழக்குப் போட வேண்டும். குடியிருப்புச் சங்கங்கள் மருந்தின் பெயரையும், வைத்த நாளையும், வைத்த இடத்தையும் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். பூட்டிய பெட்டிக்கு வெளியே மருந்து கிடக்கக் கூடாது. அரசு கால்நடை மருத்துவமனைகளில் வைட்டமின் கே1 எந்நேரமும் இருப்பில் இருப்பதைக் கால்நடை பராமரிப்புத் துறை உறுதி செய்ய வேண்டும். அடுத்த நாய் சாகும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.