பிளக்கில் மிச்சம் பிடித்த கதை

அரிசி, பருப்பு விலை பற்றியும் வரிகளைப் பற்றியும் பேசி வரும் இந்த இதழில், இம்முறை காரின் ஸ்பார்க் பிளக்கைப் பற்றி எழுதுகிறேன். மளிகைக் கடைக்கும் பிளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை கொஞ்ச நஞ்சமல்ல.

என் மகன் வேகத்தில் பிரியம் உள்ளவன். டர்போ பொருத்திய பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறான். 60,000 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு பிளக்கையும் மாற்ற வேண்டும் என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்தது. அவன் புத்தகத்தில் சொன்னபடியே வாங்கப் போனான். நான்தான் குறுக்கே விழுந்தேன். நாற்பது வருடம் கொள்முதல் செய்து பழகிய வாய் சும்மா இருக்குமா? எனக்குத் தெரிந்த உதிரிபாகக் கடை ஒன்றில் அதே பெயர், அதே நிற அட்டைப் பெட்டி, விலை மட்டும் மூன்றில் ஒரு பங்கு. பில் கிடையாது என்றார்கள். "பில் என்னத்துக்கு?" என்று சொல்லி வாங்கி வந்தேன். மகனிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து வேலூரில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது ராணிப்பேட்டை தாண்டி ஒரு லாரியை முந்தினோம். பாதியில் கார் குலுங்கி இழுவை போய்விட்டது. பக்கத்தில் லாரி. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கி வரும் ஆம்னி பஸ். என் மடியில் பேத்தி. எப்படியோ ஓரத்துக்கு வந்து சேர்ந்தோம். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. "ஓடுகிற வரை ஓட்டு, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னதும் நான்தான். அந்த விளக்கு அப்படி மினுக்கினால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் மெக்கானிக் கழற்றிக் காட்டினார். ஒரு பிளக்கின் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. இன்னொன்றில் நுனி தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது. தீப்பொறி சரியாக விழாததால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள கேடலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து, அதன் உட்பகுதியை உருக்கிவிட்டது. பிளக்கில் நான் மிச்சம் பிடித்தது இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. செலவு அறுபதாயிரத்தைத் தாண்டியது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான்.

விரல் நீளச் சாமானுக்கு இத்தனை முக்கியத்துவமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் விளக்கியதைச் சொல்கிறேன். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் வினாடிக்கு 50 முறை பொறி விட வேண்டும். அதற்கு வரும் மின்சாரம் பல்லாயிரம் வோல்ட். பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி படியும். 850 டிகிரிக்கு மேலே போனால் பொறி விழும் முன்பே நுனியின் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். அது பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும். டர்போ எஞ்சினில் அழுத்தமும் சூடும் அதிகம். ஆகவே சூட்டை விரைவாகக் கடத்திவிடும் பிளக் தேவை, இடைவெளியும் பொதுவாகக் குறைவாக இருக்க வேண்டும். நல்ல பிளக்கின் நுனியில் இரிடியம் என்ற உலோகம் வைக்கிறார்கள். அது 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்த உலோகத்துக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம், அட்டைப் பெட்டிக்கு அல்ல.

இன்னொரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. பிளக்கின் மேல் உள்ள எண் அது எவ்வளவு சூடு தாங்கும் என்பதைக் குறிக்கிறது. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் அது குளிர்ந்த வகை. பாஷ் பிளக்கில் எண் கூடினால் அது சூடான வகை. ஒரு கடை மரக்காலை வைத்து இன்னொரு கடைக் கணக்கைப் பார்க்க முடியாது. எனவே "இதுவும் அதே நம்பர்தான்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது. வண்டிப் புத்தகத்தில் உள்ள முழு எண்ணையும் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

மாட்டுவதிலும் முறை இருக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பழைய பிளக்கைக் கழற்றும் முன் குழியில் உள்ள தூசியைக் காற்றடித்து வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். புதியதைக் கையால் முறுக்கித்தான் தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஸ்பானர் போட்டால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து. வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. மரையில் கிரீஸ் தடவக் கூடாது. தடவினால் வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகிவிடும். தளர்ந்திருந்தாலும் கெடுதல்தான், சூடு கடத்தப்படாமல் பிளக் கருகும்.

இதையெல்லாம் கேட்டபோது சிறுவயது ஞாபகம் வந்தது. செங்குன்றத்தில் எங்கள் அப்பாவுக்கு அரிசி மண்டி. பக்கத்தில் சோழவரம். அங்கே பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். ஓடி முடித்த வண்டியின் பிளக்கைக் கழற்றி, மெக்கானிக்குகள் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார்கள். கருப்பென்றால் பெட்ரோல் அதிகம், வெளுப்பென்றால் சூடு அதிகம், இளம் பழுப்பென்றால் சரி. அதைப் பார்த்த அப்பா, "நாம் மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்ப்பது போலத்தான்" என்றார்.

இங்கேதான் என் தவறு எனக்கு உறைத்தது. சாக்கில் பொன்னி என்று அச்சடித்திருப்பதை நம்பி நான் ஒரு மூட்டையாவது வாங்கியிருப்பேனா? குத்தூசி போடாமல் பணம் எடுக்க மாட்டேன். மிளகு வாங்கினால் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று கையில் கொட்டிப் பார்ப்பேன். பிளக் வாங்கும்போது மட்டும் அட்டைப் பெட்டியைப் பார்த்து ஏமாந்தேன். ஏமாற்றியவனைவிட, ஏமாற ஆசைப்பட்டவன் நான்.

வியாபாரி என்றால் பேரம் பேசத்தானே வேண்டும் என்று நண்பர்கள் சொல்லலாம். பேசுவோம். ஒரே சரக்குக்கு நாலு கடையில் விலை கேட்டுக் குறைந்த விலைக்கு வாங்குவது பேரம். அதே பெயரில் வேறு சரக்கை வாங்குவது பேரமல்ல, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. பில் வேண்டாம் என்று நாம் சொல்லும்போது, போலிக்காரனுக்குக் கடை திறந்து கொடுக்கிறோம். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி போலிச் சின்னம் போட்ட பொருளைத் தெரிந்தே விற்பதும் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. நம் கடையில் பில் இல்லாமல் போலித் தேயிலையும் போலிச் சோப்பும் கேட்கிற வாடிக்கையாளரைக் குறை சொல்லும் நாம், அடுத்த கடையில் அப்படியே நடந்துகொள்ளலாமா?

நம்மில் பலரிடம் வேகக் கார் இல்லாமல் இருக்கலாம். மொபெட்டும் சரக்கு வேனும் இருக்கின்றன. பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும் எல்லாவற்றுக்கும் பிளக் உண்டு. பில்லோடு வாங்குங்கள். மரை சொரசொரப்பாக இருந்தாலோ, வாஷர் தானாகக் கழன்று வந்தாலோ, நடு நுனி கோணலாக இருந்தாலோ திருப்பிக் கொடுங்கள். எஞ்சின் விளக்கு மினுக்கினால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

நல்ல சரக்கு விற்க விரும்புகிறவன் முதலில் நல்ல சரக்கு வாங்கப் பழக வேண்டும். அறுபது வயதுக்கு மேல் நான் கற்ற பாடம் இது. நீங்கள் செலவில்லாமல் கற்றுக்கொள்ளுங்கள்.