ஹான் சோலோவுக்கு 70 தாண்டிருச்சு, விடுங்கய்யா!

டிஸ்கி: ஸ்டார் வார்ஸ் நாவல்களோட முடிவையெல்லாம் கீழே போட்டு உடைச்சிருக்கேன். இனிமேதான் படிக்கப் போறோம்கறவங்க இப்படியே அப்பீட் ஆயிடுங்க.

வருஷக்கணக்கா ஓடுற விண்வெளித் தொடர்னாலே ரசிகர்கள்ல ரெண்டு கட்சி உருவாயிடுது. ‘லூக், ஹான், லியா இல்லாத புத்தகத்தை எவன் வாங்குவான்’ங்கறது ஒரு கட்சி. ‘கிழடுகளைப் போட்டுத் தள்ளு, புது ரத்தம் பாய்ச்சு’ங்கறது இன்னொரு கட்சி. என்னைக் கேட்டா ரெண்டுமே வெட்டி வாதம். யார் உயிரோட இருக்காங்கங்கறது இல்ல கேள்வி. கதையோட பெரிய முடிவை யார் எடுக்கறாங்க? அதான் கேள்வி.

1991ல திமொதி ஸான் ‘ஏர் டு தி எம்பயர்’ எழுதினப்ப இந்தப் பிரச்சினையே இல்ல. லூக் கும்பல் இளவட்டம். கூடவே திரான், மேரா ஜேட்னு புது ஆளுங்களைக் கொண்டு வந்தார், ரெண்டு பேருமே ஒட்டிக்கிட்டாங்க. வில்லங்கம் அடுத்த தலைமுறை வந்தப்புறம்தான். ஹான் - லியாவுக்கு மூணு பசங்க: இரட்டையர் ஜேனா, ஜேசன், அப்புறம் கடைக்குட்டி அனகின். 1995ல ஆரம்பிச்ச ‘யங் ஜெடை நைட்ஸ்’ வரிசைல இரட்டையரைப் பதின்ம வயசுப் பசங்களாப் பார்த்து, அவங்களோட சேர்ந்தே வளர்ந்த வாசகர்கள் உண்டு. அந்த வாசகர்களுக்குக் கிடைச்சது என்ன?

முதல்ல அனகின். 1999ல தொடங்கின ‘நியூ ஜெடை ஆர்டர்’ 19 நாவல். நாயகனா வரவேண்டிய பையன் இவன். ஆனா அதே வருஷம் சினிமாவுல அனகின் ஸ்கைவாக்கர் வந்துட்டார், ரெண்டு அனகின் இருந்தா ஜனங்க குழம்புவாங்கன்னு லூகாஸ் தரப்புல மறுத்துட்டாங்க. 2001ல ‘ஸ்டார் பை ஸ்டார்’ நாவல்ல பையன் காலி. தாத்தா பேரே பேரனுக்கு எமனாச்சு.

அடுத்து ஜேசன். 2002ல மேத்யூ ஸ்டோவர் எழுதின ‘டிரெய்டர்’ படிச்சவங்களுக்குத் தெரியும், அந்தப் பையனை எவ்ளோ உயரத்துக்குக் கொண்டு போனார்னு. எதிரிகிட்ட சிறைப்பட்டவன், வெர்ஜியர்ங்கற விசித்திரமான குருகிட்ட மாட்டிக்கிட்டு தானா யோசிக்கக் கத்துக்கறான். மாமா லூக் வந்து காப்பாத்தல. இவ்ளோ வளர்த்துட்டு, 2006ல தொடங்கின ‘லெகஸி ஆஃப் தி ஃபோர்ஸ்’ 9 புத்தகத்துல அவனையே சித் பிரபு ஆக்கி, மேரா ஜேடைக் கொல்ல வச்சாங்க. பேரனுக்குச் சொந்தக் கதை குடுக்கச் சொன்னா, தாத்தா கதையையே தூசி தட்டிக் குடுத்துட்டாங்க.

கடைசியா ஜேனா. என் கொலவெறி மொத்தமும் இங்கதான். 2002லயே லூக் அவளுக்கு ‘ஜெடைகளின் வாள்’னு பட்டம் குடுத்தாச்சு. 2008ல கூடப்பொறந்தவனைக் கொல்ற பாரமும் அவ தலையில. அதுக்குக்கூட போபா ஃபெட்கிட்ட போய்ப் பயிற்சி எடுத்துட்டு வரணுமாம்! எல்லாம் முடிச்சிட்டு வந்தா, அடுத்த வரிசைல கதையோட நடுவுல மறுபடியும் லூக், கூட அவர் மகன் பென். 2013ல ‘க்ரூசிபிள்’. 70 தாண்டின ஹானும் 60 தாண்டின லூக்கும் இன்னொரு தடவை ஓடி ஆடிட்டு, இனி சின்னவங்க பாத்துக்கட்டும்னு ஒதுங்கறாங்க. அப்பாடான்னு மூச்சு விட்டோம். 2014 ஏப்ரல்ல அந்த மொத்த நாவல் உலகத்துக்கும் ‘லெஜண்ட்ஸ்’னு லேபிள் ஒட்டிக் கடையைச் சாத்திட்டாங்க. ஜேனாவுக்குன்னே அறிவிச்சிருந்த மூணு நாவலும் அம்பேல். பட்டம் குடுத்து 12 வருஷம் காக்க வச்சு, நாற்காலியையே வித்துட்டாங்க.

‘அதான் கிழடுகளைக் கொல்லச் சொன்னோம்’னு ரெண்டாம் கட்சி துள்ள வேணாம். 1999ல சூபாக்காவைக் கொன்னாங்களே, என்னாச்சு? அடுத்து வந்த புத்தகங்கள்ல ஹான் துக்கம் காத்தார். சாவும் பழைய ஆள் கதையாத்தான் முடிஞ்சுது.

முதல் கட்சிக்கும் ஒரு பதில் இருக்கு. 1996ல ஸ்டாக்போல் ஆரம்பிச்ச ‘எக்ஸ்-விங்’ வரிசை. சினிமாவுல ஓரமா வந்த வெட்ஜ்தான் தலைவர், நாயகன் கோரன் ஹார்ன் புத்தம்புது ஆள். ஒரு கட்டத்துல லூக்கே நேர்ல வந்து ‘ஜெடை ஆகு’ன்னு கூப்பிடறார். ஹார்ன் மாட்டேன்னுட்டு தன் படையோட, தன் சண்டைக்குப் போறான். லூக்கை யாரும் சாகடிக்கல, கேவலப்படுத்தல. அவர் கேட்டார், புதுசா வந்தவன் மறுத்தான், கதை மறுத்தவன் பின்னாடி போச்சு. அவ்ளோதான் சூத்திரம். புத்தகமும் நல்லாவே வித்துது, வரிசை வளர்ந்துக்கிட்டே போச்சு.

பழைய நாயகன் கதைல இருக்கட்டும். அறிவுரை சொல்லட்டும், தப்பாவும் சொல்லட்டும். ஆனா கடைசி அத்தியாயத்துல கதவை உடைச்சிட்டு வந்து நிக்கக் கூடாது. இதை எழுதறவங்களை விட, விற்பனைக்குப் பயந்து திட்டம் போடறவங்கதான் கேக்கணும்.

2014ல எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிச்சாங்களே, திருந்தினாங்களா? ஹான் - லியா மகன் மறுபடி இருட்டுப் பக்கம். 2019ல செத்துப்போன பேரரசர் மறுபடி எழுந்து வந்தார். அந்த ரே பொண்ணு ஜெயிச்சாலும், கடைசில ‘ஸ்கைவாக்கர்’னு பேர் ஒட்டிக்கிட்டாத்தான் படம் முடியுது. சொந்தப் பேர்ல ஒரு பொண்ணு நாயகியா இருக்கக் கூடாதா சாமி?

லூக் ரசிகர்கள் பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்மலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுக் கும்முங்க: ஜேனா இன்னும் என்ன செஞ்சிருந்தா அவளுக்கு அந்த மூணு புத்தகம் கிடைச்சிருக்கும்?