துப்பாக்கியால் ட்ரூனிக்டைத் திருத்த முடியாது

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது முழுக்க முழுக்க கதையைப் போட்டு உடைக்கிற பதிவு. 'லெஜண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ்' இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க. மொத்தம் 110 எபிசோட்தான், ஹிஹி. யோஷிகி தனாகா 1980களில் எழுதின பத்து நாவல்களை வைத்து 1988-லிருந்து 1997 வரை எடுத்த அனிமே. 2018-ல் மறுபடியும் புதுசா எடுக்க ஆரம்பிச்சாங்க. நான் பேசப்போறது பழசைப் பத்தி.

இந்தத் தொடரைப் பார்த்தவங்க எல்லாரும் ஒருமனதா வெறுக்கிற ஒரே ஆள் யோப் ட்ரூனிக்ட். சுதந்திரக் கோள்களின் கூட்டணியோட அரசியல்வாதி. கோட் சூட், நல்ல குரல், எப்பவும் கேமராவுக்கு ஏத்த முகம். ஆரம்பத்துல பாதுகாப்புக் குழுத் தலைவர், அப்புறம் நாட்டுக்கே தலைவர். அவரை வெறுக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை, நானும் அந்தக் கட்சிதான். ஆனா ரசிகர்கள் அடுத்து சொல்ற ரெண்டு விஷயம் இருக்கு பாருங்க, அதுலதான் எனக்குச் சண்டை.

ஒண்ணு: வெர்மிலியன் போர்ல யாங் வென்லி அந்த ஆளோட உத்தரவை மதிக்காம ரைன்ஹார்டைச் சுட்டிருக்கணும். ரெண்டு: கடைசியில ராய்யன்தால் ட்ரூனிக்டைச் சுட்டதுதான் சரியான தீர்ப்பு.

ரெண்டும் தப்பு. ஏன்னு சொல்றேன்.

விண்வெளி ஆண்டு 796-லிருந்து வருவோம். அஸ்டார்ட்டே போர்ல செத்தவங்களுக்கு அஞ்சலிக் கூட்டம். ட்ரூனிக்ட் மேடையில தேசபக்தி பொழியறார். மண்டபமே எழுந்து நிக்குது, யாங் மட்டும் உட்கார்ந்தே இருக்கார். அப்போ ஜெசிகா எட்வர்ட்ஸ் முன்னாடி வந்து நிக்கறாங்க. அந்தப் போர்லதான் அவங்க கட்டிக்கப்போற மனுஷன் செத்துட்டார். எங்களைப் போருக்கு அனுப்பற நீங்க எங்க இருக்கீங்க, உங்க குடும்பம் எங்க இருக்குன்னு கேட்கறாங்க. ட்ரூனிக்ட்கிட்ட பதில் இல்லை. அவங்களை வெளியே கூட்டிட்டுப் போகச் சொல்றதுதான் பதில்.

ஜெசிகா அதோட நிக்கலை. தேர்தல்ல நின்னு ஜெயிச்சு மக்கள் பிரதிநிதி ஆனாங்க. போருக்கு எதிரான குரலா வளர்ந்தாங்க. இந்தத் தொடர் முழுக்கத் தேடினாலும் ட்ரூனிக்டை அவர் விளையாடற அதே மைதானத்துல, ஓட்டுப்பெட்டியில தோற்கடிக்கக்கூடிய ஆள்னு நான் நினைக்கிறது அவங்க ஒருத்தரைத்தான்.

அவங்களைக் கொன்னது யாரு? ட்ரூனிக்டா? இல்லை.

797-ல் ராணுவத்துல ஒரு கோஷ்டி, 'நாட்டைக் காக்கும் ராணுவக் குழு'ன்னு பேர் வச்சுக்கிட்டு, தலைநகரமான ஹைனஸனைப் பிடிச்சாங்க. அவங்க சொன்ன காரணத்தைக் கேளுங்க: அரசியல்வாதிங்க ஊழல் பண்றாங்க, நாடு அழுகிப்போச்சு, சுத்தம் பண்ணணும். ட்ரூனிக்டை வெறுக்கிற எந்த ரசிகரும் கையெழுத்துப் போடற காரணம்! தலைமை தாங்கினவர் கிரீன்ஹில், உண்மையிலேயே நல்ல மனுஷர். அப்புறம் என்ன ஆச்சு? மைதானத்துல அமைதியாக் கூடின மக்கள் மேல ராணுவம் பாய்ஞ்சது. ஜெசிகாவை அடிச்சே கொன்னாங்க. அன்னிக்கு மொத்தம் 20,000 பேருக்கு மேல சாவு.

அந்த நேரத்துல ட்ரூனிக்ட் எங்கே? பூமி மதத்துக்காரங்க தயவுல பத்திரமா ஒளிஞ்சிருந்தார். எல்லாம் அடங்கினதும் ஒரு கீறல் இல்லாம வெளியே வந்து, மக்கள் முன்னாடி யாங் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். யாங்குக்கு அப்போ வந்தது கோபம் இல்லை, பயம்.

இதைக் கூட்டிக் கழிச்சுப் பாருங்க சாமி. ட்ரூனிக்டைத் துப்பாக்கியால அகற்ற வந்தவங்க, ட்ரூனிக்டை ஓட்டால அகற்றக்கூடிய ஒரே ஆளைக் கொன்னுட்டுப் போனாங்க. லாபம் யாருக்கு? இன்னொரு கொடுமை, அந்தப் புரட்சித் திட்டத்தையே போட்டுக் கொடுத்தது எதிரி ரைன்ஹார்ட். கைதிகள் பரிமாற்றத்துல லிஞ்ச்ங்கற ஆள் மூலமா அனுப்பி வச்ச சரக்கு. நாட்டைக் காக்கறோம்னு கிளம்பினவங்க எதிரி எழுதின கோடைத்தான் ரன் பண்ணிக்கிட்டிருந்தாங்க.

இப்ப 799. வெர்மிலியன். யாங்கோட பீரங்கிக்கு முன்னாடி ரைன்ஹார்டோட கப்பல். அந்த நேரத்துல மிட்டர்மேயரும் ராய்யன்தாலும் ஹைனஸனுக்கு மேல வந்து நிக்கறாங்க. ட்ரூனிக்ட் சரணடையறார், போரை நிறுத்தச் சொல்லி உத்தரவு வருது. உத்தரவை மீறிச் சுடுங்கன்னு ஷோன்கோப் தூண்டறார். யாங் நிறுத்திடறார்.

இதுக்குத்தான் யாங்கை 'லூசு', 'சட்டம் பேசியே நாட்டைக் கெடுத்தவன்'ங்கறாங்க. எதிர்த்தரப்போட பலமான வாதத்தையும் நானே சொல்லிடறேன். அந்த உத்தரவே யோக்கியமா வந்தது இல்லை. பாதுகாப்புக் குழுத் தலைவர் ஐலண்ட்ஸ் எதிர்த்தார் (ட்ரூனிக்டோட எடுபிடியா இருந்து நெருக்கடியில மனுஷனா மாறினவர்). கிழவர் பியூகாக் தடுக்க வந்தார். ட்ரூனிக்ட் பூமி மதத்து ஆயுதக் கும்பலை விட்டு அவங்களை மடக்கினார். அப்படிப்பட்ட உத்தரவுக்கு என்ன மரியாதை?

நியாயமான கேள்வி. ஆனா எங்கேயோ தூரத்துல இருக்கிற ஒரு படைத்தலைவன், அரசாங்கத்தோட எந்த உத்தரவு செல்லும், எது செல்லாதுன்னு தானே முடிவு பண்ணலாம்னா, அதைத்தானே 797-லும் பண்ணாங்க? அவங்களை அடக்கினதே யாங்தானே? ரெண்டு வருஷத்துல அவரே அந்த நாற்காலியில உட்காரணுமா? தவிர, யாங் சுட்டிருந்தா அதுக்கு விலை கொடுக்கப்போறது தலைக்கு மேல எதிரிக் கப்பலோட நின்ன ஹைனஸன் மக்கள். அவங்களைக் கேட்காம அவங்க உயிரை வச்சு ஆட யாங்குக்கு உரிமை கிடையாது.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். அவசரம்னு சொல்லி ரிவ்யூ இல்லாம நேரா புரொடக்ஷன்ல கை வைக்கிற கெட்டிக்காரன் ஒருத்தன் எல்லா டீம்லயும் இருப்பான். முதல் தடவை சரியாவே பண்ணிடுவான், எல்லாரும் கைதட்டுவோம். அதுக்கப்புறம் அவனுக்கு எல்லாமே அவசரம்தான். அவன் போனப்புறம் வர்ற முட்டாளுக்கும் அதே பாஸ்வேர்ட்தான். யாங் தன்னை நம்பாம இல்லை. தனக்கு அப்புறம் அதே பாஸ்வேர்டோட வரப்போறவனைத்தான் நம்பலை.

அதுக்காக அவர் சொன்னதையெல்லாம் கேட்கிற ஆட்டுக்குட்டியும் கிடையாது. கூட்டத்துல எழுந்து நிக்காம உட்கார்ந்திருந்தார். சரணடைஞ்ச பிறகு மெர்காட்ஸை 60 கப்பலோட நைஸா அனுப்பி வச்சார். அரசாங்கமே அவரைக் கொல்லப் பார்த்தப்போ தப்பிச்சு ஊரை விட்டே போனார், ஆட்சியை எடுத்துக்கலை. எதிர்க்கிறது வேற, கவிழ்க்கிறது வேற. அந்தக் கோடு எங்கே இருக்குன்னு தெரிஞ்ச ஒரே படைத்தலைவர் அவர்.

கடைசியா ராய்யன்தால் சுட்டது. 800-ல் ரைன்ஹார்டுக்கு எதிரா கிளம்பித் தோத்து, சாகக் கிடக்கிற நேரத்துல ட்ரூனிக்டை வரவழைக்கிறார். ட்ரூனிக்ட் வழக்கம்போல இனிக்க இனிக்கப் பேசி, நடுவுல ரைன்ஹார்டை மட்டமாச் சொல்றார். டுமீல். நம்மாளுங்க விசில்.

எதுக்குச் சுட்டார்னு யோசிச்சீங்களா? அனுப்பி வைக்கப்பட்டுச் செத்த பசங்களுக்காகவா? ஜெசிகாவுக்காகவா? வித்துட்டுப் போன நாட்டுக்காகவா? எதுவும் இல்லை. மன்னரைப் பழிச்சதுக்காக. ட்ரூனிக்ட் பதில் சொல்லியிருக்க வேண்டியது அவருக்கு ஓட்டுப் போட்ட மக்களுக்கு. தேர்தல்ல தோத்து, கூண்டுல நின்னு, கணக்கு ஒப்பிச்சிருக்கணும். அது நடக்கவே இல்லை. ஜெசிகா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமயே போய்ச் சேர்ந்தார். தீர்ப்புன்னு நாம கைதட்டினது அந்த ஆளோட கடைசித் தப்பித்தல்.

'ஒரு நல்ல சர்வாதிகாரி வந்தாத்தான் உருப்படும்'னு டீக்குடிக்கிற நேரத்துல சொல்ற நண்பர்களுக்கு இந்தத் தொடர் ரொம்பப் பிடிக்கும், ரைன்ஹார்டைக் காட்டிச் சொல்லுவாங்க. ரைன்ஹார்ட் 801-ல் செத்துடறார், தொட்டில்ல ஒரு குழந்தையை விட்டுட்டு. அந்தக் குழந்தை எப்படி வளரும்னு யாருக்குத் தெரியும்? அதனாலதான் ஜூலியன் அவர்கிட்ட அரசியல் சட்டம் கொண்டு வாங்கன்னு கேட்கறான்.

மோசமான தலைவனை ஓட்டுப் போட்டு உட்கார வச்சது நாம. இறக்கற வேலையும் நம்மளோடதுதான். அதை இன்னொருத்தன் துப்பாக்கிக்கு அவுட்சோர்ஸ் பண்ண முடியாது.

டிஸ்கி: யாங் ரசிகர்களும் ரைன்ஹார்ட் ரசிகர்களும் தாராளமாப் பின்னூட்டத்துல வந்து கும்மலாம். 'ட்ரூனிக்டுக்கு ஜால்ரா'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டேன்.