ரசகுல்லா யாருடையது?



எங்கள் குன்னத்தூர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் ஒடிசாக்காரர்களும் மேற்கு வங்கத்துக்காரர்களும் வேலை செய்கிறார்கள். ரசகுல்லா யாருடையது என்று கேட்டால், இருவருமே 'எங்களுடையது' என்பார்கள்!

1868-ல் கொல்கத்தாவில் நவீன் சந்திர தாஸ் செய்தது என்கிறது வங்கம். பூரி ஜெகந்நாதர் தேர்த் திருவிழா முடிந்து கோயில் திரும்பும்போது, லட்சுமியின் கோபம் தணியத் தரும் இனிப்பு என்கிறது ஒடிசா.

இரு மாநிலங்களும் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் விண்ணப்பித்தன. ஓர் ஊரின் தனிச்சிறப்புக்குத் தரும் முத்திரை அது. 2017-ல் வங்க ரசகுல்லாவுக்கும், 2019-ல் ஒடிசா ரசகோலாவுக்கும் கிடைத்தது. முதலில் செய்தது யார் என்பதற்கல்ல, அவரவர் கைப்பக்குவத்துக்கே அந்த மரியாதை!

உங்கள் வகுப்பிலும் அந்த ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்கள். 'எங்க ஊர்தான் உசத்தி' என்று சண்டை வேண்டாம். 'உங்க வீட்டில் எப்படிச் செய்வாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். புது நட்பு கிடைக்கும், ரசகுல்லாவும் கிடைக்கலாம்!