கறள் மறைக்கும் அழகு

மாடு வாங்குவோன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான். காணி வாங்குவோன் உறுதியைப் புரட்டிப் பார்க்கின்றான். ஆனால், அழகியதொரு பழைய மோட்டார் வண்டியைக் கண்டவிடத்து, அறிவுடையோரும் பார்க்க வேண்டியதைப் பாராது பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர். அத்தகைய மயக்கத்தைத் தரவல்ல ஒரு வண்டியைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

இத்தாலி நாட்டிலே, மிலான் நகரத்து அல்பா ரோமியோ நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் சிறிய வண்டியொன்றை உருவாக்க முற்பட்டது. அதற்கான பணத்தைத் திரட்டக் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. பத்திரம் வாங்கியோருள் குலுக்கலில் வென்றோருக்குப் புதிய வண்டியே பரிசு என்றனர். வண்டியோ குறித்த காலத்தில் ஆயத்தமாகவில்லை. முணுமுணுப்பு எழுந்தது. அதனைத் தணிக்க, தூரின் நகரத்துப் பெர்த்தோனே பட்டறையின் துணையுடன், இரு கதவுகள் கொண்ட விரைவு வண்டியொன்றை முந்திச் செய்து, 1954 ஆம் ஆண்டுத் தூரின் கண்காட்சியில் நிறுத்தினர். அதுவே ஜூலியெற்றா ஸ்பிரின்ற். அதன் எழிலுருவை வரைந்தவர் பிராங்கோ ஸ்காலியோனே. வாக்குத் தவறியதற்குப் பரிகாரமாகப் பிறந்த அவ்வண்டி, பின்னர் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தொகையில் உருவாயிற்று.

அதன் இயந்திரம் 1,290 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே உடையது. தொடக்கத்தில் 65 குதிரைவலுவே தந்தது. ஆயினும் மணிக்கு ஏறத்தாழ 165 கிலோமீற்றர் வேகத்தில் அவ்வண்டி ஓடிற்று. இயந்திரத்தின் உடல் அலுமினியத்தாலானது. உள்ளே உள்ள வார்ப்பிரும்பு உருளைகளைக் கழற்றி மாற்றலாம். ஆகவே இயந்திரம் தேய்ந்துவிட்டதென்று வாங்குவோர் அஞ்ச வேண்டுவதில்லை. கைதேர்ந்த ஒருவர் அதனைப் பிரித்து மீளவும் பூட்டிவிடுவார்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. அதுதான் கறள். இவ்வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. மெல்லிய உருக்குத் தகடுகளை ஒட்டிச் செய்த உடலே பாரம் முழுவதையும் தாங்குகின்றது. கதவுகளுக்குக் கீழுள்ள பெட்டி போன்ற விளிம்பினுள்ளே நீர் தேங்குமாயின், வெளியே பூச்சு மின்னிக் கொண்டிருக்க, உள்ளே தகடு கரைந்து போகும். அவ்வாறு அரித்த இடத்தைப் பசையால் நிரப்பி, மேலே செந்நிறம் பூசி விற்பாரும் உளர். அதனைக் கண்டறியச் சிறு காந்தம் ஒன்று போதும். மெல்லிய துணியிற் சுற்றிய காந்தத்தை மெல்ல நகர்த்திச் சென்றால், பசையுள்ள இடத்தில் அது பற்றாது. கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒத்திருக்கின்றதா என்றும் நோக்குக. ஒத்திராவிடின் உடலே தொய்ந்திருக்கலாம். மலிவாகக் கிடைத்த வண்டியே முடிவில் மிக விலை கூடிய வண்டியாவது இவ்விதமே.

வாங்கியபின் எழும் வினா இதனிலும் பெரிது. எவ்வளவைப் புதுப்பிப்பது? 2014 இல் பிரான்சு நாட்டில் ஒரு கொட்டகையில், பழைய சஞ்சிகைக் குவியலின் கீழே, 1961 ஆம் ஆண்டுப் பெராரி வண்டியொன்று காணப்பட்டது. அடுத்த ஆண்டு பாரிஸ் நகரத்து ஏலத்தில், படிந்த தூசியுடனேயே அது 160 இலட்சம் யூரோவுக்கும் மேலான விலைக்குப் போயிற்று. தூசிக்கா அந்த விலை? அன்று, எவர் கையும் மாற்றாத உண்மைக்கே.

அதற்காக, அரித்த அடித்தகட்டுடன் தெருவில் ஓடுதல் தகாது. உயிரைக் காக்கும் தகட்டையும் தடையையும் புதுப்பித்தே ஆகவேண்டும். ஆனால் கைபட்டு மெருகேறிய சுக்கானையும், ஒருவர் இருந்து பழகிய ஆசனத்தையும் இயன்றவரை விட்டுவைத்தல் நன்று. புதியதை எப்பொழுதும் செய்யலாம்; பழையதை ஒருகாலும் செய்ய முடியாது. வெட்டியெறிந்த தகடு எது, புதிதாக ஒட்டியது எது என்பவற்றைப் படம் பிடித்து எழுதிவைத்தலும் கடமையாகும். பின்னொரு நாள் வாங்க வருவோனிடம் அந்தக் குறிப்பை ஒளியாது நீட்டுபவனே அவ்வண்டியை மெய்யாகத் திருத்தியவன்.

மாணவ அன்பர்களே! இத்தகைய வண்டியை நாம் ஒருபொழுதும் வாங்காது போகலாம். எனினும், பாட்டனாரின் கடிகாரமும் பாட்டியாரின் தையல் இயந்திரமும் நம் வீட்டு மூலையில் உள்ளனவன்றோ? அவற்றுக்குப் பூச்சுப் பூசுமுன், உள்ளே உள்ள கறளை ஒருமுறை பாருங்கள்.