ஸ்மார்ட் மீட்டர்: அளக்கட்டும், துண்டிக்க வேண்டாம்

வீட்டு மின் நுகர்வோர் சார்பில் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

"பழைய மீட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது, அதை ஏன் மாற்ற வேண்டும்?" ஸ்மார்ட் மீட்டர் பற்றிப் பேச்சு எடுத்தாலே உறுப்பினர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. அளப்பதில் பழைய மின்னணு மீட்டரும் சளைத்ததல்ல. புதியதற்கு இருப்பது மூன்று கூடுதல் திறன்கள்: ஆள் வராமலே ரீடிங் அனுப்பும், எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று பிரித்துச் சொல்லும், அலுவலகத்தில் இருந்தபடியே மின்சாரத்தை நிறுத்தவும் விடும். முதல் திறன் நமக்கு நல்லது. இரண்டாவது, வீட்டுக்கு வீடு மாறும். மூன்றாவதை எதிர்க்கிறோம்.

தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஸ்லாப் முறையில் கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். கணக்குக்கு 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறோம். அதன் பிறகு விலை ஏறியிருக்கிறது, கணக்கின் போக்கு அதேதான். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.25 மறைந்து 101-லிருந்தே 4.50 ஆகிவிடும், 500-க்கு மேல் 600 வரை 8 ரூபாய்.

நாளுக்கு 8 யூனிட் செலவாகும் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அறுபதாவது நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். கணக்கீட்டாளர் மூன்று நாள் கழித்து வந்து, அதை அப்படியே 63 நாள் கணக்காகப் பில் போட்டால் 504 யூனிட், 1,982 ரூபாய். இருபத்து நான்கு யூனிட்டுக்கு 377 ரூபாய். அந்த வீட்டில் யாரும் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை. ஒரு கணக்கீட்டாளர் எத்தனை தெருவுக்குத்தான் ஓடுவார்? குறித்த நாளில், குறித்த நேரத்தில் தானாக ரீடிங் போவது ஒன்றுக்காகவே ஸ்மார்ட் மீட்டரை வரவேற்கலாம்.

ஆனால் இதனுடன் சேர்த்துப் பேசப்படும் மாதாந்திரக் கணக்கீடு பற்றி எங்கள் உறுப்பினர்களிடமே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. மாதம் தோறும் பில் வந்தால் தொகை குறையும் என்கிறார்கள். தாளில் போட்டுப் பாருங்கள். ஏப்ரலில் 150, மே மாதம் 250 யூனிட் ஓடிய வீட்டுக்கு இப்போது மொத்தம் 400 யூனிட், 1,125 ரூபாய். ஸ்லாப்களைச் சரிபாதியாக்கி மாதக் கணக்குப் போட்டால் இரண்டு பில்லும் சேர்ந்து 1,200 ரூபாய். ஒரு மாதம் குறைவாகவும் மறு மாதம் அதிகமாகவும் ஓடும்போது, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் பெரும்பாலான வீடுகளைக் காப்பாற்றுகிறது. மாதக் கணக்கு வேண்டும் என்ற கோரிக்கையை நாங்கள் கைவிடவில்லை. ஸ்லாப்பை அப்படியே இரண்டாக வெட்டித் தராதீர்கள் என்பதையும் சேர்த்தே கேட்கிறோம்.

அடுத்தது நேரவாரிக் கட்டணம். 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய உடனே இந்தக் கட்டணம் நடைமுறைக்கு வர வேண்டும். வெயில் நேரத்தில் வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 விழுக்காடு தள்ளுபடி, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல். பகலில் சூரிய மின்சாரம் மலிவு. மாலையில் மின் சந்தையில் விலை எகிறுகிறது. ஆகவே மின்வாரியத்தின் தேவை பொய்யல்ல.

ஆனால் ஒரு வீட்டில் பகலுக்கு மாற்றக்கூடியது எவ்வளவு? தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்தில் 50 யூனிட் என்று தாராளமாகவே வைப்போம். 4.50-இல் 20 விழுக்காடு 90 பைசா, ஆகக் கிடைப்பது 45 ரூபாய். மாலை ஆறு முதல் பத்து வரை உச்ச நேரம் என்று வைத்து, நாளுக்கு 2 யூனிட் வீதம் 120 யூனிட் ஓடினால் கூடுதலாகப் போவது 54 ரூபாய். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்ப் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, மோட்டாரை எந்த நேரத்தில் போடலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்ட பிறகும் நஷ்டம்தான். பெரியவர்கள் பகலில் இருக்கும் வீட்டுக்கு ஃபேனும் ஃபிரிட்ஜும் வெயில் நேரத்தில் ஓடுவதே லாபமாகும். இப்படி ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றை எல்லார் மீதும் சுமத்துவது சரியல்ல. விரும்புவோர் தேர்ந்தெடுக்கட்டும். அதற்கு முன் ஓராண்டு, இரண்டு கணக்கையும் ஒரே பில்லில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் காட்ட வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்கிறோம். இலவச 100 யூனிட்டை எந்த நேரத்துக் கணக்கில் கழிப்பார்கள் என்பதும் அதில் தெளிவாக வேண்டும்.

இனி, விட்டுக்கொடுக்க முடியாத இடத்துக்கு வருகிறோம். 2021-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒரு மீட்டருக்கு விலையில் 15 விழுக்காடு, அதிகபட்சம் 900 ரூபாய் மானியம் தருகிறது. அதைப் பெற மீட்டர் பிரிபெய்டாக இருக்க வேண்டும். அதாவது முன்பணம் தீர்ந்தால் மின்சாரம் நிற்கும். மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆம் பிரிவு, பாக்கி வைத்தவருக்கும் முழுதாக 15 நாள் எழுத்து மூலமான அறிவிப்பு கொடுத்த பிறகே இணைப்பைத் துண்டிக்கலாம் என்கிறது. 47-ஆம் பிரிவு, பிரிபெய்டு மீட்டரில் மின்சாரம் பெற ஒருவர் முன்வந்தால் அவரிடம் காப்புத் தொகை கேட்கக் கூடாது என்கிறது. முன்வந்தால் என்றுதான் சட்டம் சொல்கிறது. அது நுகர்வோரின் விருப்பம் என்றே நாங்கள் படிக்கிறோம். வாரக் கூலி வாங்கும் வீட்டில், சனிக்கிழமை சம்பளம் வரும்வரை வெள்ளி இரவு குழந்தை இருட்டில் படிக்க வேண்டுமா? நெபுலைசர் வைத்திருக்கும் நோயாளிக்கு யார் பதில் சொல்வது?

பாக்கியே இல்லாதவருக்கும் இந்த ஆபத்து உண்டு. 2020 ஆகஸ்டில், ஜன்மாஷ்டமி நாளன்று, உத்தரப் பிரதேசத்தில் தவறாகப் போன ஒரு கட்டளையால் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின. பழைய மீட்டரில் இப்படி ஒரே நொடியில் நடக்க வழியே இல்லை.

ஆகவே வீடுகளுக்குப் பில் வந்த பிறகு பணம் கட்டும் முறையே தொடர வேண்டும். தொலைவிலிருந்து துண்டிக்கும் வசதி, 15 நாள் அறிவிப்பு போய்ச் சேர்ந்ததற்கான பதிவு இல்லாமல் இயங்கக் கூடாது. மீட்டர் செலவு, 2022 கட்டண ஆணையில் வீடுகளுக்கு நீக்கப்பட்ட நிலைக் கட்டணத்தின் மறுவடிவமாகத் திரும்பக் கூடாது. எங்கே மின்சாரம் விரயமாகிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் ஃபீடரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் பெரிய நுகர்வோரிடமும் பொருத்துங்கள். குடிசை வீட்டு மீட்டர் கடைசியில் வரட்டும்.

உங்கள் வீட்டுக்கு மீட்டர் மாற்ற ஆள் வந்தால் தடுக்க வேண்டாம். பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புதியதன் முதல் ரீடிங்கையும் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். முதல் பில் சந்தேகமாக இருந்தால், பக்கத்திலேயே ஒரு சோதனை மீட்டர் வைக்கும்படி பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் ஈ.பி. அட்டையுடன் சங்கத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.