டாக்டர், இது உங்களுக்கு எத்தனையாவது?

கடலூர் ஓ.டி.யில படகு இன்ஜின் இறக்கணும்னா மெக்கானிக்கோட ஜாதகத்தையே விசாரிப்போம். யார்கிட்ட தொழில் கத்துக்கிட்டான், இதே இன்ஜின் எத்தனை பார்த்திருக்கான், எத்தனை திரும்பி வந்துச்சு... குடிகாடு டீக்கடையில உக்காந்தா பத்து நிமிஷத்துல சொல்லிடுவாங்க. ஆனா பதினாலு வயசுப் பொண்ணோட முதுகைத் திறந்து கம்பி வைக்கப்போற சர்ஜன்கிட்ட, "சார், இதுவரைக்கும் இதை எத்தனை பண்ணியிருக்கீங்க?"ன்னு கேட்க மட்டும் வாய் வராது. ரூமுக்கு ஏ.சி. உண்டான்னு கேட்டுட்டு வந்துடுவோம்.

நான் சொல்றது ஸ்கோலியோசிஸ். முதுகெலும்பு பக்கவாட்டுல வளையறது. வளர்ற வயசுல நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு இருக்கும். பெரிசா வளையறது பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்குத்தான். புத்தகப் பை காரணமில்லை. (எங்க ஊர்ல எதுக்கும் சிப்காட்டைத் திட்டுவோம், திட்ட நியாயமும் உண்டு. இதுக்குக் காரணம் இதுதான்னு உலகத்துல யாராலயும் இன்னும் சொல்ல முடியலை.) முக்கால்வாசிப் பேருக்குக் கத்தியே வேணாம். வளைவு 45, 50 டிகிரியைத் தாண்டினாத்தான் ஆபரேஷன் பேச்சு.

அந்த ஆபரேஷன் லேசுப்பட்டது இல்லீங்க. எலும்பு எலும்பா திருகு போடணும். தண்டுவடம் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கு. எத்தனை எலும்பைச் சேர்த்துக் கட்டறதுங்கறதும் சர்ஜன் முடிவு. கட்டின இடம் ஆயுசுக்கும் வளையாது.

2014-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. அஞ்சு வருஷத்துக்குக் குறைவான அனுபவம் உள்ள சர்ஜன்களையும் அதுக்கு மேல உள்ளவங்களையும் ஒப்பிட்டாங்க. புதியவங்க கையில ரத்த இழப்பு சுமார் ரெண்டு மடங்கு. மத்தவங்க நாலரை மணி நேரத்துல முடிச்சதுக்கு இவங்களுக்கு ஏழரை மணி. கட்டின எலும்பும் சராசரியா ஒண்ணு கூடுதல். பெரிய சிக்கல்கள்ல பெரிய வித்தியாசம் இல்லைங்கறதையும் சொல்லிடறேன், நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. ஆனா அந்த ஒரு எலும்பு உங்க பொண்ணோடதுன்னா?

"20 வருட அனுபவம்"னு போர்டு வைக்கறாங்களே, எதுல 20 வருஷம்? மூட்டு மாத்தினதுலயா, டிஸ்க் எடுத்ததுலயா? ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்னு ஒரு பழமொழி. பேர் இல்லை, வேர்னு தமிழ் வாத்தியார்கள் திருத்துவாங்க. பேரோ வேரோ, அதுல இருக்கற "ஆயிரம்"தான் எனக்கு முக்கியம். நம்ம முன்னோர் எண்ணிக்கை கேட்டிருக்காங்க சாமி!

"எல்லாரும் பழைய ஆளையே தேடிப் போனா புதுசா வர்றவங்க எப்படிக் கத்துக்கறது?"ன்னு டாக்டர் நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. கத்துக்கட்டும், பக்கத்துல பழைய கை ஒண்ணு நிக்கட்டும். கோலாலம்பூர்ல மலாயா பல்கலைக்கழகத்துல ரெண்டு சீனியர் சர்ஜன்களே ஒரே மேஜையில சேர்ந்து செஞ்சு, நேரமும் ரத்த இழப்பும் குறையறதைக் காட்டியிருக்காங்க. சீனியருக்கே துணை ஆகாதுன்னு இல்லை, ஜூனியருக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

அரசாங்கத்தையும் கேட்கணும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல பணம் கொடுக்கற ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பதிவு இருக்கு. எந்த ஆஸ்பத்திரியில வருஷத்துக்கு எத்தனை ஸ்கோலியோசிஸ், யார் செஞ்சாங்கன்னு ஊருக்குத் தெரியற மாதிரி போட்டா என்ன? வேட்பாளர் சொத்துக்கணக்கு ஊருக்கே தெரியுது, இது தெரியக்கூடாதா?

அதுவரைக்கும் நாமதான் வாயைத் திறக்கணும். இது குடல்வால் மாதிரி ராத்திரியோட ராத்திரியா அறுக்கற கேஸ் இல்லை. சிதம்பரம், ஜிப்மர், வேலூர், சென்னைன்னு நாலு இடம் விசாரிக்க நேரம் இருக்கு. போன வருஷம் எத்தனை பண்ணீங்க, எத்தனை பேருக்கு மறுபடி திறக்க வேண்டி வந்துச்சு, ஆபரேஷன் நடக்கறப்பவே நரம்பைக் கண்காணிக்கற மெஷின் இருக்கான்னு கேளுங்க. நல்ல சர்ஜன் உக்கார வெச்சுச் சொல்வார். கோவிச்சுக்கிட்டா எக்ஸ்ரேயை வாங்கிக்கிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிங்க.